உங்கள் லக்னம் சரிதானா? சிங்கப்பூரில் பிறந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள

எனக்கு மூன்று லக்னம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஜோசியர் எழுதிக் கொடுத்த பழுப்பேறிய நோட்டில் மேஷம். நான் ஓய்வுபெற்ற பிறகு சாவகாசமாக உட்கார்ந்து கணக்குப் போட்டதில் ரிஷபம். என் மகள் கைப்பேசியில் வைத்திருக்கும் வெள்ளைக்கார ஆப்பில் மிதுனம். ஆனால் நான் பிறந்தது ஒரே ஒரு தடவைதான். 1960 மே 10, செவ்வாய்க்கிழமை காலை 7.20, செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில், ஒரு மலாய் பீடான் (மருத்துவச்சி) கையில்.

இதில் எது சரி, மற்ற இரண்டும் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் லக்னம் என்பதே எனக்கு விளங்கியது. ஜோதிடம் என் தொழில் கிடையாது. முப்பது வருஷத்துக்கும் மேல் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவள். எத்தனையோ பேருடைய பிறந்த நேரத்தை என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தை வைத்து வெளியே என்னென்ன கணக்குப் போடுகிறார்கள் என்று அப்போது யோசித்ததில்லை.

சிராங்கூன் ரோட்டில் எந்தக் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு நீட்டினாலும் ஐயர் கேட்பது பெயர், ராசி, நட்சத்திரம். லக்னத்தை யாரும் கேட்பதில்லை. ராசிபலன், சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி எல்லாமே பெரும்பாலும் ராசியை வைத்துத்தான் வருகின்றன. அதனால் ராசியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நம்மில் பலருக்கு லக்னம் தெரியாது. தெரிந்தாலும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு.

ராசி என்பது நீங்கள் பிறந்தபோது சந்திரன் நின்ற இடம். சந்திரன் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டேகால் நாள் தங்கும். ஆகவே ஒரே நாளில் வார்டில் பிறக்கும் பிள்ளைகளில் அநேகம் பேருக்கு ஒரே ராசி. லக்னம் அப்படியில்லை. பிறந்த நொடியில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி எழுந்துகொண்டிருந்ததோ அதுதான் லக்னம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். கடலும் வானமும் தொடுகிற கோட்டில் சூரியன் எழும்புகிற மாதிரி, பன்னிரண்டு ராசிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பக்கத்தில் எழும்புகின்றன. பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் ஒரு ராசிக்குச் சராசரி 2 மணி நேரம். ஒரு ராசி 30 பாகை, ஆக ஒரு பாகைக்கு 4 நிமிடம். எங்கள் எட்டு மணி நேர ஷிஃப்டில் நாலைந்து லக்னம் போய்விடும்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களில் ராசிமானம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். மேஷத்துக்கும் மீனத்துக்கும் நாலேகால் நாழிகை, கடகத்துக்கும் தனுசுக்கும் ஐந்தரை என்று கூடக்குறைய இருக்கும். அந்த அட்டவணை அந்த ஊருக்கு. நாம் பூமத்திய ரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கில் இருக்கிறோம். இங்கே வித்தியாசம் கொஞ்சம்தான். கன்னிக்கும் மீனத்துக்கும் சுமார் 1 மணி 51 நிமிடம், மிதுனத்துக்கும் தனுசுக்கும் சுமார் 2 மணி 10 நிமிடம், மற்றவை இடையில். ஆகவே சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு லக்னம்" என்கிற விரல்கணக்கு நன்றாகவே வேலை செய்யும். அதை வைத்து உங்கள் லக்னத்தை ஆப்பே இல்லாமல் பார்த்துவிடலாம்.

முதலில் தமிழ் மாதம் வேண்டும். சித்திரையில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில், ஆனியில் மிதுனத்தில் என்று வரிசையாகப் பங்குனியில் மீனம் வரைக்கும். சூரிய உதயத்தின்போது கிழக்கில் எழுவது சூரியன்தானே? அப்படியென்றால் அப்போது சூரியன் இருக்கும் ராசியும் அங்கேதான் எழுகிறது. ஆக, உதய நேரத்தில் லக்னமும் சூரியன் நிற்கும் ராசியும் ஒன்று. மாதப் பிறப்பன்று அந்த ராசி முழுதாக மிச்சமிருக்கும். மாத நடுவில் பாதி கழிந்திருக்கும். மாதக் கடைசியில் சில நிமிடங்கள்தான் பாக்கி. அங்கிருந்து இரண்டு இரண்டு மணி நேரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான்.

எங்கள் புளோக்கில் மேல்மாடி அக்காவின் பேரனுக்கு இப்படித்தான் பார்த்தோம். 2015 நவம்பர் 20, மாலை 3.40. கார்த்திகை 4, அதாவது சூரியன் விருச்சிகத்தின் தொடக்கத்தில். அந்தச் சமயம் இங்கே உதயம் காலை 6.48 வாக்கில். நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம் விருச்சிகத்தில் மூன்றரை பாகை போக மிச்சம் இருபத்தாறரை, அதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 8.34. பிறகு தனுசு 10.34 வரை, மகரம் 12.34, கும்பம் 2.34, மீனம் 4.34. பையன் 3.40. மீன லக்னம், அதுவும் நடுவில், எல்லையிலிருந்து தள்ளி. அக்கா வைத்திருந்த கணினி ஜாதகத்திலும் மீனம் 14 பாகை. கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சிக்கல் வருவது கடிகாரத்தில்.

சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூரின் நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னால். நம் கைக்கடிகாரம் காட்டுவதோ 8 மணி நேரம் முன்னால். ஒரு மணி ஐந்து நிமிடம் அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். இங்கே காலை 6 மணிக்கு இருட்டாக இருப்பதும், உச்சிவெயில் 12-க்கு வராமல் 1 மணியை ஒட்டி வருவதும் அதனால்தான். உதயம் வருஷம் முழுக்க 6.45-க்கும் 7.20-க்கும் இடையில்தான். "காலை ஆறு மணிக்கு உதயம்" என்று ஊர்ப் பழக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினால் ஒரு லக்னம் தவறிப்போக நிறைய வாய்ப்பு உண்டு. என்னோடு வேலை பார்த்த சீனத் தோழி ஒருத்தி சொல்வாள், அவர்கள் ஜாதகக் கணக்கிலும் ஒரு நாள் இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு பிரிவுதான். அவள் அம்மா எப்போதும் கடிகாரத்திலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்பாராம். விவரமான அம்மா.

இது இன்றைய கணக்கு. 1982-க்கு முன்னால் பிறந்தவர்களுக்குக் கதையே வேறு. அப்போது சிங்கப்பூர் கிரீனிச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு எல்லாரும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளி வைத்தோம். தீபகற்ப மலேசியாவிலும் அதே இரவு. நான் அப்போது பயிற்சித் தாதி, இரவு ஷிஃப்ட். எங்கள் சிஸ்டர் காலணியைக் கழற்றிவிட்டு முக்காலிமேல் ஏறி, பிரசவ அறைச் சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை விரலால் அரை வட்டம் சுற்றினார். இறங்கும்போது "யாரும் பிறந்துவிடலையே?" என்று கேட்டார். உள்ளே ஒரு பெண் வலியில் முனகிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை வந்தது புது வருஷத்தில், மணி ஒன்று தாண்டி. அன்றிரவு 11.40-க்கு சிங்கப்பூரில் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக் கடிகாரத்தை யாரோ திருப்ப மறந்திருக்கிறார்கள்.

ஆகவே 1981 கடைசி வரை பிறந்தவர்கள் உதய நேரத்தில் அரை மணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். 7.00 என்பது 6.30. தாத்தா பாட்டி காலத்துக்கு இன்னும் விவரம் வேண்டுமென்றால், 1905 ஜூன் முதல் 7 மணி நேரம், 1933 முதல் 7.20, 1941 செப்டம்பர் முதல் 7.30. 1942 பிப்ரவரி 16-இலிருந்து ஜப்பானியர் காலம், டோக்கியோ நேரம், அதாவது 9 மணி நேரம். அந்த மூன்றரை வருஷமும் கடிகாரப்படி காலை 8 மணிக்குத்தான் சூரியன் எழுந்தது. போர் முடிந்து 1945 செப்டம்பரில் திரும்ப 7.30.

பல ஆப்கள் இதையெல்லாம் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. சில பார்ப்பதில்லை. சிங்கப்பூர் என்று கொடுத்தாலே கண்ணை மூடிக்கொண்டு 8 மணி நேரம் போட்டுவிடும். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1981 ஜனவரி 1, சிங்கப்பூர் என்று கொடுத்து, சூரிய உதயம் எத்தனை மணி என்று அது காட்டுவதைப் பாருங்கள். 6.35-ஐ ஒட்டிக் காட்டினால் நம்பலாம். 7.05 என்று காட்டினால் அந்த ஆப் போட்டுக் கொடுக்கும் 1982-க்கு முந்தைய ஜாதகம் எல்லாமே அரை மணி நேரம் பிசகு. அரை மணி என்றால் ஏழரை பாகை, ஒரு ராசியில் கால் பங்கு. நாலில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும்.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். அப்பா ரொம்ப நியாயமான மனிதர். ஊருக்கு எழுதிய கடிதத்தில் "இங்கே காலை 7.20, அங்கத்திய நேரம் 5.20" என்று தெளிவாகவே எழுதியிருந்தாராம். இரண்டு மணி நேர வித்தியாசம் அன்றைக்குச் சரிதான். ஜோசியர் 5.20-ஐ எடுத்துக்கொண்டார். ஆனால் உதயத்துக்குத் தன் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அங்கே அன்று உதயம் 5.50-ஐத் தாண்டி. அப்படிப் பார்த்தால் நான் பிறக்கும்போது சூரியன் இன்னும் வரவில்லை. பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில்தான் தொடங்கும், இல்லையா? ஆகவே சார்வரி வருஷம், சித்திரை மாதம், "திங்கட்கிழமை இரவு, உதயாதி நாழிகை ஐம்பத்தெட்டரை" (அதாவது முந்தின உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை) என்று அழகான கையெழுத்தில் எழுதி, மேஷத்தில் "ல" போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்த என்னைத் திங்கட்கிழமை இரவாக்கிய நோட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் எங்கள் இரும்பு அலமாரியில் இருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அம்மா மட்டும் எப்போதும் சொல்வார், "நீ பொறந்தப்ப வெயில் ஜன்னல் கம்பியில விழுந்திருந்துச்சு" என்று. அந்த வெயில்தான் சாட்சி. செம்பவாங்கில் அன்று உதயம் பழைய கடிகாரப்படி 6.26 வாக்கில். நான் பிறந்தது அதற்கு ஐம்பத்து நாலு நிமிடம் கழித்து, இரண்டேகால் நாழிகையில். சித்திரைக் கடைசி என்பதால் மேஷம் கால் மணி நேரத்தில் முடிந்து ரிஷபம் தொடங்கிவிட்டது. எட்டு பாகை ரிஷபம்.

இந்தத் தவறு எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. பிள்ளை பிறந்ததும் ஊருக்குக் கடிதம் எழுதி ஜாதகம் வரவழைத்த தலைமுறை அது. தஞ்சாவூருக்கும் சிங்கப்பூருக்கும் சூரியன் கணக்கில் ஒரு மணி முப்பத்தொன்பது நிமிடம் இடைவெளி. நேரத்தைச் சரியாக மாற்றிவிட்டு ஊரை மாற்றாமல் விட்டால் லக்னம் கிட்டத்தட்ட 25 பாகை பின்னால் போய்விடும். ஐந்தில் நாலு பேருக்குத் தப்பான லக்னம் என்று ஆகிறது. சந்திரனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அந்த நொடியில் அது அங்கேதான் நிற்கும். அதனால் துலாம் ராசி, சுவாதி நட்சத்திரம் என்பதில் என் இரண்டு ஜாதகமும் ஒத்துப்போயின. ராசி சரியாக இருப்பதால் மொத்த ஜாதகமும் சரி என்று எல்லாரும் நம்பிவிடுகிறோம்.

கணக்கே போட வேண்டாம், கையில் இருக்கும் ஜாதகம் சரியா என்று ஒரு பார்வையில் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: கட்டத்தை எடுத்து வையுங்கள். நம் ஊர்க் கட்டத்தில் ராசிகள் இடம் மாறுவதில்லை. மேல்வரிசையில் இடது மூலை மீனம், அடுத்தது மேஷம், ரிஷபம், வலது மூலை மிதுனம். அங்கிருந்து கடிகார முள் சுற்றுகிற திசையில் கீழே இறங்கிச் சுற்றி வாருங்கள். "ல" என்று போட்டிருக்கும் கட்டம்தான் ஒன்று. அதிலிருந்து எண்ணி "சூ" எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விடிந்து சற்று நேரத்தில் பிறந்தவருக்குச் சூரியன் ஒன்றிலோ பன்னிரண்டிலோ இருக்கும். உச்சிவேளையில் பத்தை ஒட்டி. பொழுது சாய்கிறபோது ஏழை ஒட்டி. நடுநிசியில் நாலை ஒட்டி. ஒரு கட்டம் முன்னே பின்னே இருக்கலாம். நல்ல பகலில் பிறந்தவருக்குச் சூரியன் மூன்றிலோ நாலிலோ இருந்தால் ஜாதகத்தை மூடிவிட்டு நேரத்தைத் தேடுங்கள். என் நோட்டில் சூரியன் ஒன்றில் இருந்தது. இந்தச் சோதனையில் நான் தப்பித்துக்கொண்டேன். என்னைக் காட்டிக்கொடுத்தது அந்தத் திங்கட்கிழமைதான். கிழமையையும் பாருங்கள்.

லக்னம் மாறினால் என்ன மாறுகிறது? கிரகம் எதுவும் நகர்வதில்லை, வீடுகள் நகர்கின்றன. லக்னத்திலிருந்துதான் இரண்டு பணமும் பேச்சும், நாலு தாயும் வீடும், ஐந்து பிள்ளை, ஆறு நோயும் கடனும் உழைப்பும், ஏழு துணை, பத்து தொழில், பன்னிரண்டு செலவும் தூக்கமும் தூரதேசமும். மேஷ லக்னம் என்றால் எனக்கு லக்னாதிபதி, அதாவது லக்ன ராசிக்கு உரிய கிரகம், செவ்வாய், சூரியன் லக்னத்திலேயே உச்சம், சந்திரன் ஏழில். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. "அதிகாரம் பண்ணும் ஜாதகம்" என்று அப்பா பெருமைப்படுவார். ரிஷபம் என்றால் லக்னாதிபதி சுக்கிரன், அவரும் சூரியனும் பன்னிரண்டில், சந்திரன் ஆறில். அதிகாரம் போச்சு. ஆறாம் இடத்துச் சந்திரன் நோயாளிகளுக்கு நடுவில், பன்னிரண்டில் லக்னாதிபதி தூக்கம் கெட்ட இரவு ஷிஃப்ட் என்று பார்த்தால் அப்படியே என் வாழ்க்கைதான். பிதுர்காரகனான, அதாவது அப்பாவைக் குறிக்கிற சூரியன் தூரதேச வீட்டில், அப்பா கடல் கடந்து வந்தவர். எனக்கே கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நடந்ததை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து பொருத்தினால் எது வேண்டுமானாலும் பொருந்தும். மேஷமே சரி என்று ஒருவர் சொல்லியிருந்தால் வார்டை அதட்டி நடத்தியவள் என்று அதற்கும் பொருத்தியிருப்பேன். கிழக்கில் எந்த ராசி எழுந்தது என்பது அளந்து சொல்லக்கூடியது. அதற்குப் பலன் உண்டா என்பது அவரவர் நம்பிக்கை. முதலாவதைச் சரியாக வைத்துக்கொண்டு இரண்டாவதற்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி.

புதிதாகப் படிப்பவர்கள் "ரிஷப லக்னக்காரர் பொறுமைசாலி" என்கிற மாதிரி பொதுப்பலனில் நேரத்தைப் போக்காதீர்கள். லக்னாதிபதி யார், எந்த வீட்டில் நிற்கிறார், லக்னத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள். இந்த வரிசையில் பாருங்கள். அதிபதிகளை மனப்பாடம் செய்வது சுலபம். மேஷம், விருச்சிகம் செவ்வாய், ரிஷபம், துலாம் சுக்கிரன், மிதுனம், கன்னி புதன், கடகம் சந்திரன், சிம்மம் சூரியன், தனுசு, மீனம் குரு, மகரம், கும்பம் சனி. ஒரே கிரகம் ஒரு லக்னத்துக்கு நல்லது செய்யும், இன்னொன்றுக்குச் செய்யாது என்பதும் இங்கேதான் வருகிறது. சனி என்றாலே நடுங்குகிறோம். ரிஷப லக்னத்துக்கு அவர் ஒன்பதுக்கும் பத்துக்கும் உரியவர், யோககாரகர், அதாவது நல்ல பலன் தருபவர். எனக்கு இது தெரியவந்தபோது ஏழரைச் சனியெல்லாம் முடிந்து போயிருந்தது.

மகளுடைய ஆப் மிதுனம் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது, அது தப்புக் கிடையாது. மேற்கத்திய ஜோதிடத்தில் மேஷம் மார்ச் 21-ஐ ஒட்டித் தொடங்குகிறது, இரவும் பகலும் சமமாகும் நாளில். நமக்குச் சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14-ஐ ஒட்டி. நாம் நட்சத்திரங்களை வைத்து அளக்கிறோம், அவர்கள் பருவத்தை வைத்து. இரண்டுக்கும் இப்போது 24 பாகை இடைவெளி, 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் கூடிக்கொண்டே போகும். அதற்குப் பெயர் அயனாம்சம். அவர்கள் கணக்கில் மிதுனத்தில் முதல் இரண்டு பாகைக்குள் இருக்கும் என் லக்னம் நம் கணக்கில் ரிஷபம் எட்டு. அங்கே ஒரு காலும் இங்கே ஒரு காலும் வைத்துப் பலன் படிக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்மவர்களுக்குள்ளும் லாஹிரி, ராமன் என்று இரண்டு மூன்று அயனாம்சம் உண்டு. லாஹிரிக்கும் ராமனுக்கும் ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம். ஆப்பில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் லாஹிரி.

ஒன்றரை பாகை யாருக்குப் பிரச்சினை என்றால், லக்னம் எல்லையில் நிற்பவர்களுக்கு. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிறந்த நேரம் என்று சான்றிதழில் நீங்கள் பார்க்கும் அந்த எண் எப்படி வந்தது தெரியுமா? குழந்தை முழுதாக வெளியே வந்ததும் ஒருத்தி நிமிர்ந்து சுவரைப் பார்த்து நேரத்தைச் சொல்வாள், இன்னொருத்தி எழுதுவாள். தலை தெரிந்த நேரமா, முதல் அழுகையா, கொடி வெட்டிய நேரமா என்று ஜோசியர்களுக்குள் பெரிய வாதமே உண்டு. எங்களுக்கு அந்த வாதமெல்லாம் கிடையாது. கையில் வழுக்குகிற பிள்ளை, ரத்தம், அம்மாவின் நாடி, எல்லாம் ஒரே சமயத்தில். பிள்ளை அழவில்லை என்றால் அதைத்தான் முதலில் பார்ப்போம், நேரம் பிறகு நினைவிலிருந்து வரும். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் இரண்டு அறைச் சுவர்க் கடிகாரங்களுக்கும் நாலு நிமிட வித்தியாசம் இருந்தது. புகார் செய்தும் மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. 7.18, 7.22 என்று எழுத வேண்டியதை 7.20 என்று எழுதிய கைகளும் உண்டு, என் கை உட்பட.

ஆகவே ஜாதகத்தில் லக்னம் 0, 1 பாகையிலோ 28, 29 பாகையிலோ இருந்தால் இரண்டு பக்கத்து லக்னத்தையும் வைத்துப் பாருங்கள். நடுவில் இருந்தால் ஐந்து பத்து நிமிடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நடந்த கல்யாணம், வேலை, விபத்தை வைத்து நேரத்தைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடிப்பு இல்லை, காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன். ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், அதை வைத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள்தான் நிமிடக் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் ஆறு நிமிட இடைவெளியில் பிறந்து, லக்னம், நவாம்சம் இரண்டும் ஒன்றாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒன்று ஊரைக் கூட்டியது, மற்றொன்று கொட்டாவி விட்டது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள் துண்டுச் சீட்டு கொண்டுவருவார்கள். ஒருமுறை "10.12-க்குள்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. அதற்கு முன்னால் அவசரக் கேஸ் ஒன்று வந்து, பிள்ளை எடுத்தது 10.31. அப்பாக்காரர் முகம் தொங்கிப்போய்விட்டது. இன்றைக்கு இருக்கிற விவரம் அன்றைக்கு இருந்திருந்தால், "என்ன லக்னம் குறித்தார்கள், எந்த ஊர் உதயம் வைத்துக் கணக்குப் போட்டார்கள்?" என்று கேட்டிருப்பேன். சீட்டு சென்னையிலிருந்து வந்தது என்று அவரே பிறகு சொன்னார். நல்ல நேரம் குறிக்கிறவரிடம் சிங்கப்பூர் உதயத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதோடு, மருத்துவர் "இப்போதே எடுக்க வேண்டும்" என்றால் சீட்டை மடித்துப் பைக்குள் போடுங்கள்.

ஜோசியரிடம் போகும்போது வெறும் தேதியும் நேரமும் சொல்லாதீர்கள். இங்கே தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) பார்த்தாலும் சரி, வீடியோ அழைப்பில் ஊரிலிருப்பவரிடம் பார்த்தாலும் சரி, ஊர் சிங்கப்பூர், தீர்க்கரேகை 103 பாகை 51 கலை, நேரம் கிரீனிச்சுக்கு எத்தனை மணி முன்னால் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். ஜாதகம் கைக்கு வந்ததும் முதலில் கிழமை, பிறகு "ல"விலிருந்து "சூ". அரை நிமிட வேலை.

என் பேத்தி பிறந்தபோது நான் அறையில் இருந்தேன், இந்தத் தடவை பாட்டியாக. சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. கைப்பேசி 4.17 காட்டியது. தாதி 4.17 என்று சொன்னாள். பரவாயில்லை, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அப்பாவின் நோட்டில் என் மேஷ லக்னக் கட்டத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்த தாளில், 4.17, சிங்கப்பூர், 8 மணி நேரம் என்று பேனாவால் எழுதி வைத்தேன். கட்டம் இன்னும் போடவில்லை. மகள் வேண்டாம் என்கிறாள், மருமகன் வேண்டும் என்கிறார்.